குற்றச் செய்தியில் 'உல்லாசம்' எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் நாளிதழின் ஒரே நாள் பதிப்பில், விடுமுறைக்கால இணைப்பில் 'உல்லாசப் பயணம்' என்ற தொடரையும், உள்பக்கக் குற்றச் செய்தியில் 'சிறுமியுடன் உல்லாசமாக இருந்த வாலிபர் கைது' என்ற வாக்கியத்தையும் அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்தது. முதலாவது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைக்கோ கடற்கரைக்கோ போய்வருவதைப் பற்றியது. இரண்டாவது, சட்டம் கடுந்தண்டனை விதிக்கும் ஒரு குற்றத்தைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே அடைமொழி போதும் என்று செய்தி மேசையில் இருப்பவர்கள் எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இது தங்கள் இதழுக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று சொல்ல மாட்டேன். காலை இதழ், மாலை இதழ், தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் எழுத்து எனத் தமிழ்நாட்டில் எங்கும் இச்சொல் இப்படித்தான் புழங்குகிறது. ஆனாலும் நான் காசு கொடுத்து வாங்குவது தங்கள் இதழை என்பதால், முறையீடும் தங்களிடமே வருகிறது.

என் கோரிக்கை சிறியதுதான். 'உல்லாசம்' என்ற சொல்லும் அதிலிருந்து வரும் உல்லாச, உல்லாசமான, உல்லாசமாக ஆகிய வடிவங்களும் பாலியல் குற்றச் செய்திகளில் இனி இடம்பெறக் கூடாது. செய்தி போய்ச் சேர்ந்தால் போதாதா, எந்தச் சொல்லாக இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு என்பதால், இச்சொல்லும் இதன் உறவுச் சொற்களும் தமிழில் எப்படிப் புழங்குகின்றன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

'உல்லாசம்' வடமொழியிலிருந்து வந்தது. ஒளிர்தல், விளையாடுதல் என்னும் பொருள் கொண்ட 'லஸ்' என்ற வேரில் பிறந்தது. மென்மையான நடனத்தைக் குறிக்கும் 'லாஸ்யம்' இதன் உடன்பிறப்பு. நாடக வகை ஒன்றுக்குப் பெயராக இருந்து, பிறகு கடித உறையின்மேல் எழுதும் முகவரிக்கும் பெயராகிவிட்ட 'விலாசம்' இன்னொரு உடன்பிறப்பு. மம்மடரின் 'காவியப் பிரகாசம்' என்னும் அணியிலக்கண நூலில் இயல்களுக்கே உல்லாசம் என்றுதான் பெயர். மொத்தம் 10 உல்லாசங்கள். அப்படிப் பெயரிட்டவர்களுக்கு அச்சொல் மலர்ச்சியையும் ஒளியையும் உணர்த்தியிருக்க வேண்டும். தமிழ் அகராதிகளும் மகிழ்ச்சி, உள்ளக் களிப்பு என்ற பொருள்களையே முதன்மையாகத் தருகின்றன. இலங்கைத் தமிழில் இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகளை 'உல்லாசப் பயணிகள்' என்றே எழுதுகிறார்கள். அங்கே அது அரசு அறிவிப்பில் வரும் சொல், படிக்கும் எவருக்கும் உதட்டோரம் சிரிப்பு வருவதில்லை. நம் பக்கத்தில் அதே தொடரை மேடையில் உரக்கச் சொன்னால் பின்வரிசையில் யாரேனும் நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்கள். கடல் ஒன்றுதான் குறுக்கே இருக்கிறது. இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கியதில் செய்தித்தாள்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

பேச்சில் இச்சொல் அருகிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் சிலர் வசையாக மட்டும் வைத்திருக்கிறார்கள்: 'வேலை தலைக்கு மேல கிடக்கு, நீ என்னடான்னா உல்லாசமா ஊஞ்சல் ஆடிக்கிட்டு இருக்கே.' மற்றபடி அந்த இடத்தில் 'ஜாலி' வந்து உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் பழமையேறிவிட்ட ஒரு சொல்லைத் தமிழன் எடுத்து, நாள்தோறும் பயன்படுத்தித் தனக்கே உரியதாக்கிக்கொண்டான். ஜாலியான ஆள், ஜாலியான வேலை, ஜாலியாகப் போச்சு என்றெல்லாம் சொல்லும்போது சுமை இல்லை, கேள்வி கேட்பார் இல்லை, கூட நாலு பேர் இருக்கிறார்கள் என்ற மூன்றும் அதில் அடங்கும். தனியாக இருந்து அனுபவிப்பதற்கு வேறு சொல் உண்டு. கால்மேல் கால் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவன் 'ஹாயாக' இருக்கிறானே தவிர ஜாலியாக இருக்கிறான் என்று சொல்ல மாட்டோம். 'குஷி' திடீரென்று வருவது. அதற்கு ஒரு காரணம் வேண்டும். சம்பளம் ஏறியது, குஷியாகிவிட்டான். 'கும்மாளம்' சத்தமில்லாமல் நடக்காது. 'குதூகலம்' பெரும்பாலும் குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது; வடமொழியில் அது அறியும் ஆவலைக் குறிக்கும் சொல் என்பதை எண்ணினால் குழந்தைகளிடம் சேர்ந்தது பொருத்தம்தான். இவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், வாக்கியம் உடனே முகம் சுளிக்கும். படிக்காதவர்கள்கூடப் பேச்சில் இவற்றை மாற்றிப் போடுவதில்லை.

நாளிதழ்த் தமிழுக்கென்று தனியே சில வாய்பாடுகள் இருக்கின்றன. அருவியில் நீர்வரத்துக் கூடிவிட்டால் சுற்றுலாப் பயணிகள் 'ஆனந்தக் குளியல்' போட்டாக வேண்டும். வெறுமனே குளித்தார்கள் என்று எழுதினால் செய்தி செல்லாது போலும். விடுமுறை என்றால் பூங்காவில் கூட்டம் 'அலைமோதும்'. இவற்றால் யாருக்கும் தீங்கில்லை, படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

'கேளிக்கை' இன்னும் கௌரவமாகவே இருக்கிறது. திரையரங்க நுழைவுச்சீட்டின்மீது விதிக்கப்படும் வரிக்குக் கேளிக்கை வரி என்று பெயர்; சென்னை மாகாணத்தில் 1939-இல் வந்த சட்டத்திலிருந்து தொடரும் பெயர் அது. சரக்கு சேவை வரி வந்த 2017-க்குப் பிறகும் உள்ளாட்சி அமைப்புகளுக்கான வரியாக அது நீடிக்கிறது. பெருந்தலைவர் ஒருவர் மறைந்து அரசு துக்கம் அறிவிக்கப்படும்போது, அந்த நாட்களில் அரசு சார்பில் கேளிக்கை நிகழ்ச்சிகள் நடைபெறாது என்று அறிவிப்பு வருகிறது. அந்த வாக்கியத்தில் வேறு எந்தச் சொல்லையும் போட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. 'பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள்' என்றால் தொலைக்காட்சித் தொடர் நினைவுக்கு வரும். 'களியாட்டம்' என்றால் அரசே குடித்துக் கூத்தடித்ததாகப் பொருள்பட்டுவிடும். 'களி' என்ற சொல்லில் கள்ளின் வாடை எப்போதும் உண்டு. கள்ளுண்ணாமை அதிகாரத்தில், குடித்துக் களிப்பது பெற்றவள் முன்னாலும் துன்பம் தருவது என்றால், 'சான்றோர் முகத்துக் களி' எப்படிப்பட்டது என்று கேட்கிறார் வள்ளுவர்.

'பொழுதுபோக்கு' எல்லாவற்றுக்கும் பொதுவான அடைமொழியாகிவிட்டது. பொழுதுபோக்குப் பூங்கா, பொழுதுபோக்குத் துறை, பொழுதுபோக்கு அம்சம். நிறமில்லாத சொல் என்பதே அதன் பலமும் பலவீனமும். அரசு ஏட்டில் இன்னும் அழகான ஒரு தொடர் இருந்தது: 'மனமகிழ் மன்றம்'. உறுப்பினர்கள் கூடிப் பந்தாடவும் படிக்கவும் பேசவும் அமைந்த கழகத்துக்கு இதைவிட நல்ல பெயர் யாராலும் சூட்டியிருக்க முடியாது. ஆனால் 1981-ஆம் ஆண்டின் மதுபான உரிம விதிகளின்படி உறுப்பினர்களுக்கு மது வழங்கும் உரிமம் இத்தகைய மன்றங்களுக்கும் கிடைப்பதால், இன்று நாளிதழில் 'மனமகிழ் மன்றம்' என்று தலைப்பு வந்தால் மூடக் கோரி மக்கள் மறியல் செய்திருப்பார்கள், அல்லது சூதாட்டக் கும்பல் பிடிபட்டிருக்கும். ஒரு நல்ல தொடர் கண்முன்னே கெட்டுப்போனதற்கு இது எடுத்துக்காட்டு. இதிலாவது பெயரைக் கெடுத்தது அந்த இடங்களின் நடப்பு. செய்தித்தாளைக் குறை சொல்ல முடியாது. 'உல்லாசம்' கெட்டது அப்படியன்று. அந்தச் சொல்லைக் குற்றம் செய்தவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. செய்தி எழுதியவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

இச்சொல்லின் எல்லா வடிவங்களும் ஒரே அளவில் கறைபடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பெயருக்கு முன்னால் ஒட்டி வரும் 'உல்லாச' ஓரளவு பிழைத்திருக்கிறது: உல்லாசக் கப்பல், உல்லாசப் படகு. 'உல்லாச வாழ்க்கை' மட்டும் மோசடிச் செய்திகளில் சிக்கிக்கொண்டது. சீட்டு நடத்திப் பணத்தைச் சுருட்டியவர் உல்லாச வாழ்க்கை வாழ்ந்ததாக எழுதுவார்கள், அங்கே 'சொகுசு' என்பதே சரியான சொல், ஏனெனில் பேசப்படுவது காரும் பங்களாவும்தான். 'உல்லாசமான மாலைப் பொழுது' என்று எழுதினால் சற்றுப் பழைய நடை என்று தோன்றுமே தவிர, தவறாகத் தோன்றாது. கறை முழுவதும் ஒரே ஓர் அமைப்பில்தான் படிந்திருக்கிறது: ஒருவர் பெயர், அதன்பின் 'உடன்', அதன்பின் 'உல்லாசமாக', முடிவில் 'இரு' என்னும் வினை. 'உல்லாசமாகத் திரிந்தார்' என்றால் ஊர் சுற்றினார். 'அவருடன் உல்லாசமாக இருந்தார்' என்றால் வேறு. அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வேறுபாடு தப்புவதில்லை.

அந்த 'உடன்' என்பதில்தான் என் முதன்மையான ஆட்சேபம் இருக்கிறது. பள்ளியில் படித்த மூன்றாம் வேற்றுமையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பன அதன் பொருள்கள். 'ஆசிரியருடன் மாணவன் வந்தான்' என்றால் இருவரும் வந்தார்கள். வினை இருவருக்கும் பொது, அதுவே உடனிகழ்ச்சி. அப்படியானால் 'சிறுமியுடன் உல்லாசமாக இருந்தார்' என்ற வாக்கியம் இலக்கணப்படி சொல்வது என்ன? அந்தச் சிறுமியும் உல்லாசமாக இருந்தாள் என்று அது சொல்கிறது. எழுதியவர் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார், நான் நம்புகிறேன். ஆனால் அச்சில் வந்திருப்பது அதுதான். துன்புற்றவளைத் துன்புறுத்தியவனின் மகிழ்ச்சியில் பங்காளியாக்கி, அதையும் அவள் ஊர்க்காரர்கள் தேநீர்க் கடையில் உரக்கப் படிக்கும்படி அச்சிட்டிருக்கிறோம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அந்த வயதில் சம்மதம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. தங்கள் இதழ் இதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறது என்பதைக் கண்டிருக்கிறேன். பெயரை இவ்வளவு அக்கறையோடு மறைத்துவிட்டு, மானத்தை வேற்றுமை உருபில் கோட்டைவிடுவது என்ன கணக்கு?

இதற்கு ஒரு மறுமொழி வழக்கமாக வரும். குடும்பத்தினர் அனைவரும் படிக்கும் இதழில் எல்லாவற்றையும் பச்சையாக எழுத முடியாது, ஆகவே நாகரிகம் கருதி மறைபொருளாக எழுதுகிறோம் என்பார்கள். நாகரிகம் கருதி மறைத்துச் சொல்வதற்குத் தமிழில் முறையான இலக்கணமே உண்டு. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறது. அவையில் சொல்லத்தகாததை வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். கால் கழுவி வந்தேன் என்பது போன்றது. அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது மங்கலம். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது போன்றது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் குறிப்பு குழூஉக்குறி. 'உல்லாசம்' இம்மூன்றில் எது? இடக்கரடக்கல் என்றால், கேட்பவர் மனம் அந்தச் செயலின் காட்சியைவிட்டு விலக வேண்டும். இச்சொல்லோ அக்காட்சியை நோக்கிக் கண்ணடிக்கிறது. கால் கழுவினேன் என்று கேட்டவர் எவரும் மேலும் விவரம் அறிய ஆவல் கொள்வதில்லை. 'உல்லாசம்' என்று தலைப்பில் கண்டவர் செய்தியைக் கடைசிவரி வரைக்கும் படிக்கிறார். மங்கலம் என்றால், இழப்புக்கு ஆளானவருக்கு அதனால் ஓர் ஆறுதல் கிடைக்க வேண்டும். துஞ்சினார் என்ற சொல் இறந்தவரையும் அவர் வீட்டாரையும் மதிக்கிறது. இங்கே மதிக்கப்படுவது யார்? எஞ்சியிருப்பது குழூஉக்குறி ஒன்றுதான். எழுதுபவருக்கும் ஆண் வாசகருக்கும் இடையே புரிந்துகொள்ளப்பட்ட ஒரு சங்கேதம், அவ்வளவே. அதை நாகரிகம் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பச்சையாக எழுத வேண்டிய தேவையும் இல்லை. 'பாலியல் வன்கொடுமை', 'பாலியல் தாக்குதல்', 'பாலியல் சுரண்டல்' என்ற தொடர்கள் ஏற்கெனவே தங்கள் இதழிலேயே புழக்கத்தில் இருக்கின்றன. இவற்றில் ஆபாசம் எதுவும் கிடையாது. எந்தப் பிள்ளை முன்னாலும் படிக்கலாம், பொருள் கேட்டால் சொல்லியும் கொடுக்கலாம். 'உல்லாசம்னா என்னப்பா' என்று செய்தித்தாளைக் காட்டிக் கேட்கும் குழந்தைக்குத்தான் பதில் சொல்ல முடிவதில்லை.

'ஆசை வார்த்தை கூறி' என்ற தொடர் இச்சொல்லுக்கு நிலையான துணை. திருமணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றிய வழக்குகளில் இவ்விரண்டும் சேர்ந்தே வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, நிறைவேற்றும் எண்ணமின்றித் திருமண வாக்குறுதி அளித்தோ வேறு வஞ்சக வழியிலோ ஒரு பெண்ணுடன் உறவு கொள்வதை 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் வஞ்சகம் என்கிறது. நாம் ஆசை வார்த்தை என்கிறோம். சட்டம் குற்றம் என்கிறது. நாம் உல்லாசம் என்கிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கு நம் செய்தி குற்றவாளியின் வாக்குமூலத்தைப் போலத் தோன்றும்.

வயது வந்த இருவர் தம் விருப்பத்தோடு பழகியதைப் பற்றிய செய்திகளும் உண்டு. கொலை வழக்கின் பின்னணியாக அவை வரும். 'கள்ளக்காதலனுடன் உல்லாசம்' என்ற வாய்பாடு அங்கே ஓடுகிறது. அதில் வன்முறை இல்லை, ஆகவே சொல் பொருந்துமே என்று கேட்கலாம். பொருந்தாது என்பேன். அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது செய்தியாளருக்குத் தெரியாது. பகிர்ந்த தனிமையில் உல்லாசம் இருந்ததா, அழுகை இருந்ததா, சண்டை இருந்ததா என்பதை யார் பார்த்தார்? இருவருக்கும் உறவு இருந்தது என்று எழுதினால் வழக்குக்கு வேண்டிய செய்தி முழுவதும் வந்துவிடுகிறது.

சொற்களின் பொருள் காலப்போக்கில் மாறுவது இயல்புதானே, அதைத் தடுத்து நிறுத்த நீங்கள் யார் என்றும் கேட்கலாம். மாறும், மறுக்கவில்லை. 'நாற்றம்' என்ற சொல்லை எல்லோரும் எடுத்துக்காட்டிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். நம் பேச்சுக்கு நெருக்கமாகவே இரண்டு சொற்கள் இருக்கின்றன. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் கூத்தைச் சாந்திக் கூத்து என்றும் விநோதக் கூத்து என்றும் பகுத்துச் சொல்கிறார். அங்கே 'விநோதம்' என்றால் மக்களை மகிழ்விக்கும் பொழுதுபோக்கு. இன்று விநோத ஆசாமி என்றால் விலகி நடக்கிறோம். மற்றொன்று எதிர்த்திசையில் பயணம் செய்தது. சங்க காலத்தில் 'மகிழ்' என்பது கள்ளையும் அது தரும் மயக்கத்தையும் குறித்தது. புறநானூற்றில் மலையமான் திருமுடிக்காரியைப் பாடும் கபிலர், 'நாட்கள் உண்டு நாண்மகிழ் மகிழின் யார்க்கும் எளிதே தேர்ஈதல்லே' என்கிறார். பகற்பொழுதிலேயே கள்ளைக் குடித்து அந்த மயக்கத்தில் தேரைக் கொடுத்துவிடுவது யாருக்கும் எளிது என்பது அதன் கருத்து. மலையமானோ 'மகிழாது ஈத்த' தேர்களை உடையவன். இன்றைய வாசகர் மகிழாது என்பதை மனமில்லாமல் என்று படித்துக் குழம்புவார். கபிலர் சொன்னது போதையில்லாமல், முழு அறிவோடு கொடுத்தவை என்று. கள்ளிலிருந்து புறப்பட்ட அச்சொல், இன்று திருமண அழைப்பிதழ்த் தமிழில் மிகத் தூய சொல்லாக நிற்கிறது. மக்கள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக நல்ல இடங்களில் வைத்து வழங்கியதால் வந்த உயர்வு அது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் குற்றச் செய்தி எழுதும் மேசை பொறுப்பில்லை. 'உல்லாசம்' பொதுவழக்கின் போக்கில் மெல்ல மாறவில்லை. சில பத்தாண்டுகளுக்குள், ஒரே துறையினர், ஒரே வாக்கிய அமைப்பில், நாள்தோறும் அச்சிட்டு மாற்றினார்கள். ஆகவே அவர்கள் கைவிட்டால் நின்றுவிடும் என்று நம்ப இடமிருக்கிறது.

அப்படிக் கைவிட்டதற்கு முன்மாதிரியும் உண்டு. 'கற்பழிப்பு' என்ற சொல் இல்லாமல் ஒரு நாள் இதழும் வெளிவராத காலம் இருந்தது. பாதிக்கப்பட்டவளின் கற்பு அழிந்துவிட்டதாகச் சொல்லும் அச்சொல் தவறு என்று பலரும் எடுத்துச் சொன்ன பிறகு, பெரும்பாலான இதழ்கள் 'பாலியல் வன்கொடுமை'க்கு மாறின. தொடக்கத்தில் நீளம் என்றார்கள், வாசகருக்குப் புரியாது என்றார்கள். இன்று கடைநிலை வாசகருக்கும் புரிகிறது. 'மாற்றுத்திறனாளி', 'திருநங்கை' ஆகியவையும் இப்படியே நிலைபெற்றன. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் பாலின முன்முடிவுகளைக் களைவதற்கான கையேடு ஒன்றை வெளியிட்டு, தீர்ப்புகளிலும் மனுக்களிலும் தவிர்க்க வேண்டிய சொற்களையும் அவற்றுக்கு ஈடாக எழுத வேண்டியவற்றையும் பட்டியலிட்டது. 'ஈவ் டீசிங்' என்பதைத் தெருவில் நிகழும் பாலியல் துன்புறுத்தல் என்று எழுதச் சொன்னது. நீதிமன்றமே தன் சொற்களைத் திருத்திக்கொள்ளும்போது, சொல்லையே தொழிலாகக் கொண்டவர்கள் தயங்க வேண்டிய காரணம் தெரியவில்லை.

பழைய இலக்கணம் ஒன்றையும் இவ்விடத்தில் சொல்ல விரும்புகிறேன். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்த தொல்காப்பியர், உவகை பிறக்கும் இடங்களைச் 'செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே' என்று சொல்கிறார். புணர்வையும் விளையாட்டையும் அவர் கூச்சப்பட்டு ஒதுக்கவில்லை. பொருள் வளத்தோடும் அறிவோடும் ஒரே வரிசையில் வைத்தார். ஆனால் 'அல்லல் நீத்த' என்ற அடை கொடுத்தார். துன்பம் நீங்கியதாக இருந்தால்தான் அது உவகை. ஒருவர் அழ மற்றவர் அனுபவிப்பதை அந்தச் சூத்திரத்தில் எந்த மூலையிலும் நுழைக்க முடியாது. இடையே ஒன்று: விளையாட்டு என்னும் பொருளுக்கு அவர் காட்டும் பழஞ்சொற்களில் ஒன்று 'பண்ணை'. இன்றைய செய்திகளில் பண்ணை வீடும் உல்லாசமும் பிரியாமல் வருவதைக் கண்டால் அவர் திகைத்துப்போவார்.

குழந்தைகளைப் பொறுத்தவரை இச்சொல்லை மீட்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. அதன் 31-ஆவது பிரிவு, ஓய்வும் ஓய்வுநேரமும், வயதுக்கேற்ற விளையாட்டும் பொழுதுபோக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை என்கிறது. அதைத் தமிழில் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிற ஆசிரியர், உல்லாசமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு காலத்தில் கூசாமல் சொல்லியிருக்க முடியும். இன்று அவர் அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டு, 'பொழுதுபோக்கு நடவடிக்கைகளில் ஈடுபடும் உரிமை' என்று சுற்றறிக்கை நடையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே தங்கள் இதழின் நடைக் கையேட்டில் பின்வருமாறு சேர்க்க வேண்டுகிறேன். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால், சட்டப்பிரிவின் பெயருக்கேற்பப் பாலியல் வன்கொடுமை அல்லது பாலியல் தாக்குதல் என்றே எழுத வேண்டும். 'உடன்' வராமல் 'சிறுமியை', 'சிறுவனை' என்று இரண்டாம் வேற்றுமையில் எழுதினால் செயல் யாருடையது என்பது தானே விளங்கிவிடும். திருமண வாக்குறுதி வழக்குகளில் ஆசை வார்த்தைக்குப் பதில் 'ஏமாற்றி' அல்லது 'பொய் வாக்குறுதி அளித்து' என்ற தொடர் போதும். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்ற தயக்கம் இருந்தால் 'குற்றச்சாட்டின்பேரில்' என்று ஒரு சொல் சேர்க்கலாம். அந்தத் தயக்கத்துக்கும் உல்லாசம் மருந்தாகாது. மோசடிச் செய்திகளுக்குச் சொகுசு இருக்கிறது. பயணப் பகுதியிலும் குழந்தைகள் இணைப்பிலும் 'உல்லாசம்' தாராளமாக வரட்டும், எத்தனை முறை வந்தாலும் நான் ஆட்சேபக் கடிதம் எழுத மாட்டேன்.

இறுதியாக, கடைகளின் முன்னால் தொங்கும் தலைப்புச் சுவரொட்டியைத் தயாரிப்பவர்களுக்கும் இந்தக் கையேட்டின் படி ஒன்று போக வேண்டும். உள்ளே செய்தியில் 'பாலியல் வன்கொடுமை' என்று முறையாக இருந்தும், சுவரொட்டியில் மட்டும் பெரிய சிவப்பு எழுத்தில் 'உல்லாசம்' என்று இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐந்தெழுத்தில் முடிகிறது, தூரத்திலிருந்தே தெரிகிறது என்பது அவர்கள் தரப்பு நியாயமாக இருக்கலாம். 'வன்கொடுமை'க்கும் எழுத்து ஐந்துதான். அந்தத் தாளில் அதற்கு இடம் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்